மின்னூலும் வடசென்னைக் கல்லூரி மாணவரும்

வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மாணவர்கள் பலர் படிக்கும் சர் தியாகராயா கல்லூரியும் பாரதி மகளிர் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டமும், 2016-க்குப் பின் மலிவான கைப்பேசி இணையமும் மின்னூலை மாணவர் கைக்குக் கொண்டுவந்தன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் மெட்ரோ ஓடத் தொடங்கியபின், பயண நேரத்திலும் படிக்க முடிந்தது.

தமிழ் இலக்கிய மாணவருக்கு முதன்மையான ஊற்று, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அது தன்னார்வலர் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் நூல்களை இலவசமாகத் தருகிறது.

இருந்தும் அச்சுநூல் மீதான பற்று மாறவில்லை. சொல் தேடவும் மேற்கோள் எடுக்கவும் மின்னூல். ஊன்றிப் படிக்கவும் தேர்வுக்கும் தாள். 54 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வும், தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் படித்தோரே நன்கு புரிந்துகொண்டதாகக் கண்டது. மேலும், மின்னூல் பக்கங்களின் படக்கோப்பாக இருந்தால், கைப்பேசியின் சிறுதிரையில் அதைப் பெரிதாக்கி நகர்த்திப் படிப்பது பெருந்தொல்லை. ஆகவே வடசென்னை மாணவருக்கு இன்று வேண்டியவை, கைப்பேசித் திரைக்கு ஏற்ப வரிகள் தாமே மடங்கி அமையும் தமிழ்ப் பாடநூல்கள்.