கட்டளையும் காவலும்

மாயாபந்தரில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கோபுரம் இல்லை, கல்வெட்டு இல்லை, மன்னர் எடுப்பித்த மண்டபமும் இல்லை. கடலும் காடும், படகுத் துறையும், மரத்தாலும் தகரத்தாலும் ஆன பழைய வீடுகளுமே உள்ளன. தஞ்சையையும் மதுரையையும் மனத்தில் சுமந்துகொண்டு கடல் கடந்து வந்து குடியேறிய நமக்கு, இவ்வூரில் போற்றிக் காக்கத்தக்கது எதுவும் இல்லை என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணம் சரிதானா என்பதை, கலைகளையும் பழஞ்சின்னங்களையும் காப்பதற்கென்று எழுந்த அறநிலையங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

'டிரஸ்டு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'அறக்கட்டளை' என்ற தமிழ்ச் சொல்லை நாம் வழங்குகிறோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டோர் இதனைக் காட்டிலும் பொருத்தமான சொல்லைக் காண்பது அரிது. ஆங்கிலச் சொல் நம்பிக்கையைக் குறிக்கிறது. தமிழ்ச் சொல்லோ ஆணையைக் குறிக்கிறது. கோயில்களில் ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ திருவிழாவுக்கோ நிலம் எழுதிவைப்பதைக் 'கட்டளை' என்றே நம் முன்னோர் வழங்கினர். அதனை மேற்பார்க்கும் மடத்துத் துறவியைக் கட்டளைத் தம்பிரான் என்றனர். கொடுத்தவர் மறைந்த பின்னும் அவர் இட்ட ஆணை மறையலாகாது என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

இந்த ஆணை நிலைத்து நிற்பதற்குச் சோழர் காலத்தார் கண்ட வழி வியக்கத்தக்கது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், அதற்கென 96 ஆடுகளை இடையர் வசம் ஒப்புவிப்பர். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். முதிர்ந்த ஆடுகள் இறந்தாலும் அவற்றின் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பேணப்படும். ஆதலின் இவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. முதலைத் தொடாமல் அதன் வருவாயைக் கொண்டே அறத்தை நடத்துவது என்னும் இன்றைய நிதி நிலையங்களின் விதியும் இதுவேயாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 ஆடல் மகளிர்க்கும் ஆளுக்கு ஒரு பங்காக, ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்க ஏற்பாடு இருந்தது. கலைக்குச் சோறிட்ட கட்டளை அது.

ஆயினும் கட்டளை ஒன்று மட்டும் போதுமா? நாகப்பட்டினம் இதற்கு விடை கூறுகிறது. கடலுக்கு அப்பாலுள்ள ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அந்நகரில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சைவனாகிய இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அயலவன் எடுத்த கோயிலுக்கு, அயற் சமயத்துக்கு, நம்மவன் இட்ட கட்டளை. அதனைப் பொறித்த 21 செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. நாகையில் எஞ்சி நின்ற பழைய செங்கற் கோபுரமோ 1867-ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. தொல்பொருள் ஆய்வுத் துறை 1861-இலேயே தோன்றிவிட்டது. இருந்தும் அக்கோபுரத்துக்காக முன்வந்து நின்று காக்க ஒருவரும் இல்லை. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904-இல்தான் பிறந்தது. ஏடு பிழைத்தது, எடுப்பித்த கட்டடம் பிழைக்கவில்லை. ஆகவே கொடையாளி, குறையாத முதல் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். அதுவே அவ்விடத்தில் நின்று காக்கும் கை.

இனி நம் காலத்துக் கட்டளை ஒன்றைக் காண்போம். கல்கத்தாவில் ஷா வாலஸ் என்னும் வாணிக நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சார்லஸ் வாலஸ் 1916-இல் காலமானார். தாம் பொருளீட்டிய பிரிட்டிஷ் இந்தியாவின் மக்களுக்குத் தம் செல்வம் பயன்பட வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஆனால் அச்செல்வம் அறநிலையமாக உருப்பெறுவதற்குள் பிரிட்டிஷ் இந்தியா என்ற நாடே இல்லாமற் போயிற்று. 1937-இல் பர்மா பிரிந்தது. 1947-இல் பாகிஸ்தான் பிரிந்தது. 1971-இல் வங்காள தேசம் தோன்றியது. எனவே 1981-இல் இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், பர்மா ஆகிய நான்கிற்கும் தனித்தனி அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. இந்தியாவுக்குரிய அறக்கட்டளை, நம் நாட்டுக் கலைஞர்களும் பழஞ்சின்னப் பாதுகாப்பு வல்லுநர்களும் பிரிட்டன் சென்று பயில்வதற்கு உதவித்தொகை அளிக்கலாயிற்று.

வாலஸ் விட்டுச்சென்ற செல்வத்தின் மற்றொரு பகுதி, 1984-ஆம் ஆண்டு ஜனவரி 27-இல் பதிவு பெற்ற 'இன்டாக்' எனப்படும் இந்தியக் கலை, பண்பாட்டு மரபுத் தேசிய அறக்கட்டளைக்கு உறுதுணையாயிற்று. திருமதி புபுல் ஜெயகர் இம்முயற்சியில் முன்னின்றார். இந்நிறுவனம் ஊர்தோறும் உறுப்பினரைச் சேர்த்துக் கிளைகள் அமைத்தது. பழங் கட்டடங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் பணியை மேற்கொண்டது. தொல்பொருள் துறையின் காவலில் உள்ள தேசியச் சின்னங்கள் ஏறத்தாழ 3,700 மட்டுமே. பரந்த இந்நாட்டில் அவற்றுக்கு வெளியே கிடப்பவை எண்ணிலடங்கா. அவற்றைக் காக்கும் நெறிமுறைகளை 2004-ஆம் ஆண்டு நவம்பரில் இன்டாக் ஒரு சாசனமாக வெளியிட்டது. வாழும் மரபையும், மரபறிந்த தச்சர், கொத்தர் ஆகியோரின் கைத்திறனையும் கட்டடத்தோடு சேர்த்தே காக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்நெறி மாயாபந்தருக்கு மிகவும் பொருந்தும். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு நிறைந்த கட்டடமே தொன்மைச் சின்னமாகத் தகுதி பெறும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பொழியும் இத்தீவுகளில், உப்புக் காற்றுக்கும் கரையானுக்கும் தப்பி ஒரு மரவீடு நூறாண்டு நிற்பது எளிதன்று. கல்லுக்கு ஏற்ற சட்டம் மரத்துக்காகக் காத்திராது. ஆனால் ஊருக்கு வயது வந்துவிட்டது. வாலஸின் உயிலில் இந்தியாவும் பர்மாவும் ஒன்றாயிருந்த அதே காலத்தில், 1925-இல், காட்டுவேலைக்கெனப் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் இங்கு வந்து வெபி என்னும் சிற்றூரை அமைத்தன. 2025-இல் அக்குடியேற்றம் நூறாண்டை எட்டிற்று. அவர்களுடைய நெசவும், மொழியும், தேவாலயப் பாடல்களும் செப்பேட்டில் பொறிக்கப்படாத வரலாறே ஆகும். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் இத்தீவுகளுக்கு வந்தனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. இவ்வாறு வந்தோர் வரலாறே இத்தீவுகளின் பழஞ்சின்னம்.

முன்னர்ப் போர்ட் பிளேயர் எனப்பட்டு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் தலைநகரில், காக்கும் கையின் ஆற்றலை நாம் கண்ணாரக் காணலாம். 1906-இல் முடிவுற்ற சிற்றறைச் சிறையின் ஏழு கிளைகளில் எஞ்சியவை மூன்றே. அவையும் அங்குச் சிறையிருந்த விடுதலை வீரர்கள் விடாது வற்புறுத்தியதால் நிலைத்தன. 1979-இல் அச்சிறை தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அப்போது அதற்கு நூறு வயது ஆகவில்லை.

பெருஞ்செல்வர்க்கே இது இயலும் என்று கருத வேண்டுவதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். அவர் ஏறத்தாழ 50,000 நூல்களோடு, பிறர் எறிந்துவிடும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நிதி பின்னரே வந்தது. காக்கும் கை முன்னரே வந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கப்பல் பயணச் சீட்டு, குடியேற்றப் பட்டா, முதல் பள்ளியின் வருகைப் பதிவேடு, ஊர்க்கோயில் கணக்கு நோட்டு, பழைய நிழற்படம் ஆகியவற்றை ஈரம் படாமல் எடுத்துவைத்துப் பட்டியலிடலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம், அறிவுலகுக்குப் பயன்படும் கையெழுத்துப் படிகளை 75 ஆண்டிலேயே தொல்பொருளாகக் கொள்கிறது. முதல் குடியேறிகள் எழுதிய தாள்கள் அந்த வயதை நெருங்கி வருகின்றன. வெபியின் முதியோர் கூறுவதையும் நம் பாட்டிமார் கூறுவதையும் ஒரே ஏட்டில் எழுதலாம். 1996-இல் மத்திய அரசு நிறுவிய தேசியப் பண்பாட்டு நிதிக்கு நன்கொடை தருவோர், எப்பணிக்கு என்று தாமே குறிப்பிடவும் இயலும். ஆனால் என்ன இருக்கிறது என்று எழுதிவைக்காத ஊருக்கு எந்த நிதியும் வழி கண்டு வாராது.

இராசராசன் கடல் கடந்து வந்த அயலவரின் விகாரத்துக்கு ஓர் ஊரையே எழுதிவைத்தான். கடல் கடந்து வந்த நாம், அண்டை வீட்டார் நினைவுக்கும் நம் நினைவுக்கும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகமேனும் எழுதிவைப்போமாக.