மணலில் எழுதிய பிள்ளைகள்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்க் ஐயர், தமிழ் எழுத்துகளை மணலிலேயே கற்றார். முதிய உபாத்தியாயர் ஒருவர் தம் பள்ளியையே அவரது இல்லத்துக்குக் கொண்டுவர, ஹாலே நகரில் பயின்ற அந்த ஜெர்மானியர் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து விரலால் எழுதிப் பழகினார். அவருடைய தாழ்மைக்குச் சான்றாக இக்காட்சியை நாம் பன்முறை எடுத்துரைத்துள்ளோம். அம்மணலையோ ஒரு கற்பித்தல் முறையாக எண்ணிப் பார்த்தது அரிது.

திண்ணைப்பள்ளியில் பிள்ளை எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரையும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் அழித்து மீண்டும் எழுதும், செலவுமில்லை, வெட்கமுமில்லை. ஓலையும் எழுத்தாணியும் பின்னரே கைக்கு வரும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். தரங்கம்பாடி மிஷன் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் போர்த்துக்கீசியம் பேசிய பிள்ளைகளுக்கும் தனித்தனியே பள்ளி நடத்தியது. வீட்டுமொழி வேறானால் பள்ளியும் வேறாக வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது.

இம்முறையைக் கடல் கடத்தியவர் ஆங்கிலிக்கன் குருவாகிய ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை அவர் மேற்பார்த்தார். அங்கிருந்தோர் ஐரோப்பியப் படைவீரரின் புதல்வர். பலருடைய தாய்மார் இந்தியர். நாட்டுப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட பெல், தம் விடுதியிலும் அவ்வாறே செய்யப் பணித்தார். உதவி ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆகவே ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலால் இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. நம் திண்ணையின் சட்டாம்பிள்ளைக்கு அப்பெயரில் பங்குண்டு என்பதை நாமே மறந்துவிட்டோம்!

ஆயினும் இரண்டு செய்திகள் நம்மை உறுத்துகின்றன. விடுதியில் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ்ப்பள்ளியின் மணல் உள்ளே வந்தது, பிள்ளைகளின் தாய்மார் பேசிய மொழி வெளியே நின்றது. மற்றொன்று இதனினும் கடியது. 1805இல் வெளியான தம் நூலின் மறுபதிப்பில், ஏழைகளின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கூடக் கற்பிக்க வேண்டுவதில்லை என்று பெல் எழுதினார். வேதத்தை வாசிக்கத் தெரிந்தால் போதுமாம். வாசிக்க மட்டும் கற்றவன் பிறர் சொல்லைப் பெற்றுக்கொள்வான். தன் சொல்லைத் தானே எழுதி வைக்க அவனுக்கு வழியில்லை. ஏழை தன் நிலையை மீறிவிடுவானோ என்ற அச்சம் ஒரு குருவானவரின் எழுதுகோலிலிருந்தே வந்தது. நம் ஓய்வுநாட் பள்ளிகளிலும் பிள்ளைகள் மனப்பாட வசனத்தைப் படியெடுக்கின்றனர். தம் சொந்த வாக்கியம் ஒன்றை எழுத அவர்களிடம் நாம் கேட்பது எத்தனை முறை?

பெல் அஞ்சியவாறு வரலாறு நடக்கவில்லை. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையார் அமைத்த தேசியச் சங்கம் அவர் முறையிலேயே பள்ளிகளை நிறுவியது. அங்கே கடைசி வகுப்பில் அமர்ந்த ஏழைப் பிள்ளைகள், மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதத் தொடங்கினர்.