தலைப்பாகை அணிந்த விமானி

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதி கடலை நோக்கி அகன்று செல்லும் இடத்தில், கிரேவ்ஸெண்ட் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. பெரிய நகரம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஊரிலே இருக்கும் மூன்று சிலைகளை ஒரு நாளில் சுற்றிப் பார்த்தவனுக்கு ஒரு சாம்ராஜ்யத்தின் கதை முழுவதும் கண்முன் வந்து நிற்கும்.

ஒன்று, ஜெனரல் கார்டனின் சிலை. சில ஆண்டுகள் அந்த ஊரில் வசித்து, பின்னர் கடல் கடந்து போய், 1885-ல் சூடான் நாட்டின் கார்ட்டூம் நகரில் கொல்லப்பட்ட ஆங்கிலத் தளபதி அவர். மற்றொன்று, போக்கஹாண்டஸ் என்னும் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணின் சிலை. ஆங்கிலேயர் ஒருவரை மணந்து, அவரோடு இங்கிலாந்துக்கு வந்து, தாய்நாடு திரும்பப் புறப்பட்ட வேளையில் நோயுற்று, 1617-ல் இந்த ஊரிலேயே கண்ணை மூடியவள். சாம்ராஜ்யத்துக்காக வெளியே போனவர் ஒருவர். சாம்ராஜ்யத்தால் உள்ளே கொண்டுவரப்பட்டவள் ஒருத்தி.

மூன்றாவது சிலை 2014-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. டக்ளஸ் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி உருவாக்கிய வெண்கலச் சிலை அது. யுத்த விமானியின் உடையில் ஒரு மனிதர் நிற்கிறார். ஆனால் அவர் தலையில் விமானிகள் அணியும் தோல் தொப்பி இல்லை. தலைப்பாகை இருக்கிறது.

அவர் பெயர் மஹிந்தர் சிங் புஜ்ஜி. 1918-ல் சிம்லாவில் பிறந்த சீக்கியர்.

யுத்த விமானிக்குச் சிலை செய்வது சிற்பிக்குச் சங்கடமான காரியம்தான். குதிரை வீரன் என்றால் குதிரையோடு செய்துவிடலாம். மாலுமி என்றால் கப்பலின் சுக்கானைக் கையில் கொடுத்துவிடலாம். விமானியோ தன் இயந்திரத்துக்குள்ளே ஒளிந்திருப்பவன். கண்ணை மூடும் கண்ணாடி, வாயை மூடும் முகமூடி, காதை மூடும் தொப்பி. அவன் முகம் உலகத்துக்குத் தெரிவதே இல்லை. ஆகவே அவனை முதலில் விமானத்திலிருந்து இறக்கித் தரையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இறக்கிய பிறகு அவன் யார் என்று எப்படிக் காட்டுவது?

இதற்கு இங்கிலாந்துச் சிற்பிகள் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். ஃபோக்ஸ்டன் நகருக்கு அருகே, கேப்பல்-லெ-ஃபெர்ன் என்னும் கிராமத்தில், குன்றின் மீது 1993-ல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். அங்கே ஓர் இளம் விமானி தரையில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. 1940-ல் இங்கிலாந்தின் வானத்தைக் காத்த எல்லாருக்கும் பொதுவான ஓர் உருவம். லண்டன் நகரின் வாட்டர்லூ சதுக்கத்தில் இருப்பதோ ஸர் கீத் பார்க்கின் சிலை. 1940-ல் தென்கிழக்கு இங்கிலாந்தின் விமானப் படைப் பிரிவை நடத்திய நியூஸிலாந்துக்காரர். பெயரும் பதவியும் உள்ள தளபதி. அவருக்கே 70 ஆண்டுகள் கழித்துத்தான், 2010 செப்டம்பர் 15-ல், நிரந்தரமான சிலை அங்கே வைத்தார்கள். அதற்கு மூன்று நாள் கழித்து, 92-வது வயதில், கிரேவ்ஸெண்டில் புஜ்ஜி காலமானார். அப்போது அவருக்குச் சிலை வைக்கப் போகிறார்கள் என்று யார் கண்டார்கள்?

புஜ்ஜியின் வாழ்க்கை ஒரு நாவலுக்குப் போதும். பதினெட்டு வயதில் டில்லியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகம். யுத்தம் மூண்டதும், விமானிகள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பம் போட்டார். சாகசத்தில் இருந்த ஆசையே முதற்காரணம். 1940-ல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற முதல் 24 விமானிகளில் அவரும் ஒருவர். பயிற்சி முடிந்து 1941-ல் ஹரிக்கேன் ரகச் சண்டை விமானத்தில் பறக்கத் தொடங்கினார்.

தலைப்பாகையை எடுக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதன் மேலேயே விமானப் படையின் சின்னத்தைத் தைத்துக்கொண்டார். காதில் வைக்கும் ஒலிக்கருவியைத் தலைப்பாகைக்கு மேல் இறுக்கிக் கட்டுவதற்குத் தனியாக ஒரு வார் செய்து வைத்துக்கொண்டார். எங்கேயாவது சுடப்பட்டு விழுந்தால் கட்டிக்கொள்வதற்கு உபரியாக ஒரு தலைப்பாகையையும் கூடவே எடுத்துச் செல்வாராம். எதிரியின் குண்டை எதிர்பார்த்துப் பறக்கிறவன், விழுந்தாலும் தலைப்பாகையோடுதான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான்! இந்த ஒரு விவரத்திலேயே அந்த மனிதரின் சுபாவம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

ஒரு நாள் ஜெர்மானிய விமானத்தால் தாக்கப்பட்டு, பழுதடைந்த விமானத்தோடு கடலைத் தாண்டி வந்து, டோவர் குன்றுகளுக்கு அருகே மோதி விழுந்தார். எரியும் விமானத்திலிருந்து அவரை இழுத்தெடுத்தார்கள். தலையில் பலமான அடி. தலைப்பாகையின் கனத்த மடிப்புகள்தான் உயிரைக் காத்தன என்பது அவருடைய நம்பிக்கை. சில நாள் ஆஸ்பத்திரி வாசம், மறுபடியும் விமானம். பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனம். அங்கும் ஒரு முறை வீழ்த்தப்பட்டுப் பிழைத்தார். பின்னர் பர்மா எல்லை. அங்கே, காட்டில் வழி தவறிப்போன சுமார் 300 அமெரிக்கச் சிப்பாய்களை ஆகாயத்திலிருந்து தேடிக் கண்டுபிடித்தார். பர்மாவில் ஆற்றிய பணிக்காக 1945-ல் அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது.

இனி, கொஞ்சம் கஷ்டமான கேள்விக்கு வருவோம். அவர் யாருக்காகப் பறந்தார்?

1942-ஐ நினைத்துப் பாருங்கள். ‘வெள்ளையனே, வெளியேறு’ என்று நாடு முழுவதும் முழங்கிய ஆண்டு. ஆயிரமாயிரம் பேர் சிறை புகுந்தார்கள். அதே சமயத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் யுத்தம் முடிவதற்குள் மன்னரின் படையில் சேர்ந்திருந்தார்கள். இவர்கள் கூலிக்கு மாரடித்தவர்களா? அல்லது நாஜிகளை முறியடித்த வீரர்களா? சுதந்திர இந்தியாவுக்கு இந்தக் கேள்வி சங்கடமாக இருந்தது. சிறை சென்றவரைப் போற்றும் மேடையில் இவர்களை எங்கே உட்கார வைப்பது? எனவே பெரும்பாலும் பேசாமல் விட்டுவிட்டோம். பிரிட்டனுக்கும் வேறொரு சங்கடம். தனித்து நின்று போராடிய சின்னஞ்சிறு தீவு என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில், தலைப்பாகைக்காரருக்கு இடம் இல்லை. ஆக, இரண்டு நாடுகளும் இரண்டு காரணங்களுக்காக ஒரே மனிதரை மறந்தன.

புஜ்ஜி இதை உணர்ந்தே இருந்தார். யுத்தத்துக்குப் பின் க்ஷயரோகத்தில் விழுந்து, பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்டும் எழுந்து, 1970-களில் பிரிட்டனில் குடியேறினார். யுத்த காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் ஜனங்கள் வரிசையை விட்டு விலகித் தம்மை முன்னே அனுப்பியதை அவர் மறக்கவில்லை. அந்த அன்பு உண்மை. வெற்றி விழாக்களில் இந்திய விமானிகளின் பேச்சே எழாததும் உண்மை. அதை அவர் வெளிப்படையாகச் சொல்லிக் குறைப்பட்டார். 2009-ல் பிரிட்டனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், அந்நியர் குடியேற்றத்தை எதிர்த்த ஒரு கட்சி ஸ்பிட்ஃபயர் விமானத்தின் படத்தைச் சுவரொட்டியில் போட்டது. அந்த விமானமோ போலந்து நாட்டு விமானிகளின் படைப்பிரிவைச் சேர்ந்தது! தொண்ணூறு வயதை எட்டியிருந்த புஜ்ஜி அதைக் கண்டித்துப் பேசினார். பல தேசத்தாரும் சேர்ந்து நடத்திய யுத்தம் அது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றார். தம் சுயசரிதையின் தலைப்பிலேயே, மன்னருக்காகவும் இன்னொரு நாட்டுக்காகவும் உழைத்ததாகச் சொன்னார். ‘இன்னொரு நாடு’ என்ற அந்தச் சொல்லில் பெருமையும் இருக்கிறது; கொஞ்சம் கசப்பும் இருக்கிறது.

சிலையின் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 1914 முதல் 2014 வரை பிரிட்டனோடு நின்று பணிபுரிந்த, உலகெங்குமிருந்து வந்த அனைவருக்கும் அது நினைவுச் சின்னம் என்று. குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் பெயரற்ற விமானிக்குப் பொதுவான முகம். லண்டனில் நிற்கும் தளபதிக்குச் சொந்த முகம். புஜ்ஜியின் சிலைக்கோ இரண்டு வேலை. சொந்த முகத்தோடு நிற்க வேண்டும். முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்காகவும் நிற்க வேண்டும். ஒரே மனிதரின் தோளுக்கு இது பெரிய பாரம்தான்.

என்றாலும் அந்தத் தலைப்பாகை அதைச் சுமந்துவிடுகிறது. துணியாக இருந்தபோது ஒரு தலையைக் காப்பாற்றியது. வெண்கலமான பிறகு, அந்த வழியே போகும் பள்ளிப் பையன் ஒருவனைக் கொஞ்சம் நிற்க வைக்கும். கிரேவ்ஸெண்டில் இன்று சீக்கியக் குடும்பங்கள் ஏராளம். “இந்த ஆள் இங்கே என்ன செய்தார்?” என்று அவன் அப்பாவைக் கேட்பான். அப்பாவுக்குப் பதில் தெரியாவிட்டாலும், வீட்டுக்குப் போய் யாரையாவது கேட்டாக வேண்டும்.