முகக்குறிப்பும் முத்துக்குளிப்பும்: சிலாவத்துறைக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

முகம் நோக்கி அகம் அறிதலை மனிதருக்கு இயல்பாய் அமைந்த ஆற்றல் என்றே பலரும் கொள்வர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1872இல் சாள்ஸ் டார்வின், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் முறை பற்றி எழுதிய நூல் இக்கருத்துக்கு அறிவியல் அடித்தளம் இட்டது. அதன் பொருட்டு அவர் பல நாடுகளுக்கும் வினாக்கள் அனுப்பினார். இலங்கையிலிருந்து விடை எழுதியவர் எஸ். ஓ. கிளெனி என்னும் கிறித்தவக் குரு. ஆயின், யார் யாருடைய முகத்தை, எத்தேவை கருதி உற்றுநோக்கினர் என்னும் வினா அந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அது சமுதாய வரலாற்றின் வினா. அதனை மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பை முன்வைத்து ஆராய முற்படுகின்றோம்.

முதலில் நம் இலக்கண மரபை நோக்குவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வகுக்கின்றது. நெற்றி சுருங்குவது, உதடு துடிப்பது முதலியவற்றை வைத்து அது உணர்ச்சியை வரையறுக்கவில்லை. உணர்ச்சி பிறக்கும் சூழலையே அடிப்படையாகக் கொள்கின்றது. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளமை மனங்கொளத்தக்கது. கள்வரோடு ஆள்வோனையும் சேர்த்து எண்ணிய அக்காலத்து உலகியலறிவை உரைகள் போதிய அளவு விளக்கின என்று நாம் கருதவில்லை.

திருக்குறளிலோ குறிப்பறிதல் என்னும் பெயரில் இரு அதிகாரங்கள் உள்ளன. காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரத்தில் நோக்கு காதலரிருவரிடையே நிகழ்வது. பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல் என்பதற்கு அடுத்து அமைந்தது. அங்கு அமைச்சன் அரசனின் உள்ளத்தை முகத்தில் அறிகின்றான். அதாவது, கீழிருப்பவன் மேலிருப்பவனின் முகத்தைப் பார்க்கின்றான். அவனுடைய வாழ்வும் தாழ்வும் அப்பார்வையின் கூர்மையைப் பொறுத்தவை.

குடியேற்ற ஆட்சியில் நடந்த முத்துக்குளிப்பில் இப்பார்வையின் திசை தலைகீழாயிற்று.

1795இல் பிரித்தானியர் இக்கரையைக் கைப்பற்றியதும் முத்துச் சலாபம் அரச வருவாயின் பெரும் ஊற்றாயிற்று. முதல் ஆள்பதி பிறெடெரிக் நோத், சிலாவத்துறைக்கு வடக்கே அரிப்பில், கடலை நோக்கி மாளிகையொன்று கட்டுவித்தார். அதன் இடிபாடுகள் இன்றும் கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றன. சிலாவத்துறை, கொண்டச்சி, பின்னர் மரிச்சுக்கட்டி எனக் குளிப்புக் காலந்தோறும் ஓலைக்கொட்டில்களாலான நகரங்கள் எழுந்து மறைந்தன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றிலிரு பங்கு அரசுக்கு. மூழ்கியவர்க்கு எஞ்சிய ஒரு பங்கு. அரச பங்கு ஆயிரம் ஆயிரமாக, சிப்பி திறக்கப்படாமலே ஏலம் விடப்பட்டது. உள்ளே முத்துண்டோ என்பதை வாங்குவோனும் அறியான், விற்போனும் அறியான்.

இத்தகைய வாணிகத்தில் தன் முகத்தை மறைப்பதே முதலுக்குக் காவல். தக்கணத்து வைரச் சுரங்கப் பகுதியில் வணிகர் இருவர் எதிரெதிர் அமர்ந்து, வாய் திறவாது, துணிக்கடியில் விரல் பிடித்து விலை முடித்ததைப் பிரெஞ்சுப் பயணி தவேர்னியே 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். பாரசீக வளைகுடா முத்து வணிகரிடமும் இம்முறை இருந்தது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம்.

தொழிலாளிக்கோ மறைக்கத் துண்டில்லை. அழுகிய சிப்பியைத் தொட்டியிற் கழுவும் கூலியாள் குந்தியிருக்க, கண்காணிகள் அவன் கைகளையும் முகத்தையும் பார்த்து நின்றனர். கை வாய்க்குப் போகலாகாது. முத்தை விழுங்கினான் என்ற ஐயம் எழுந்தால், அவனை அடைத்துவைத்து, வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்து கொடுத்தனர் என்று 1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் றொபேட் பேர்சிவல் கூறுகின்றார். இங்கு முகம், உடைத்துப் பார்க்கவேண்டிய மற்றொரு சிப்பியாகிவிட்டது. பசியாலோ நோயாலோ வெளிறிய முகமும் அக்கண்களுக்குக் களவின் சான்றாகத் தோன்றியிருக்கக்கூடும்.

1960களின் இறுதியில் நியூகினி மக்களிடையே ஆய்வு செய்த போல் எக்மன், அடிப்படை உணர்ச்சிகளின் முகக்குறிகள் உலகப் பொதுவானவை என்றார்; எதைக் காட்டலாம், எதை மறைக்கவேண்டும் என்ற விதிகள் பண்பாட்டுக்குரியவை என்றும் ஒப்புக்கொண்டார். 2019இல் லீசா பெல்ட்மன் பரெற் முதலிய ஐவர் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சூழலை நீக்கிவிட்டு முகத்தசையின் அசைவு ஒன்றிலிருந்தே உணர்ச்சியை உறுதியாக அறிய இயலாது எனக் காட்டினர். நிலைக்களன் பற்றிய பழைய சிந்தனை இதற்குத் தொலைவிலில்லை. ஆயினும் முகத்தைப் படிக்கும் கணினிப் பொறிகள் வேலைத்தலங்களுக்குள் புகுந்துவிட்டன. கண்காணியின் கண் பொறியாகியுள்ளது. பார்வையின் திசை மாறவில்லை. 2024இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கன்றித் தொழிலிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் இவற்றைத் தடை செய்தது; அத்தடை 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாடுகளில் இதுபற்றிய விவாதமே வலுப்பெறவில்லை.

பேர்சிவலின் நூலில் இன்னோரிடமும் உண்டு. மூழ்கி மேல்வருவோரின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வடியும். பல வேளை குருதியும் வரும். ஆனால் தம் முறை வந்ததும் மீண்டும் மூழ்குவர் என்கின்றார். குருதியைக் கண்ட கண் அதனைத் தொழிலுக்குத் தடையில்லை என்றே கணக்கிட்டது. அதே தோணியில் கயிறு பிடித்திருந்தவன் நிலை வேறு. நீருக்கடியிலுள்ள தோழனின் முகம் அவனுக்குத் தெரியாது. கல்லோடு இறங்கியவன் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கயிற்றை அசைப்பான். அவ்வசைவு ஒன்றே செய்தி. அது கைக்கு எட்டியவுடன் இழுக்கவேண்டும்.