குறிப்பேட்டில் இறங்கிய பறவைகள்

புரட்டாசி மாதத்தை ஒட்டிப் பெங்களூரின் பூங்காக்களிலும் நீர்க்கரைகளிலும் ஒரு சிறு பறவை வந்து இறங்குகிறது. சாம்பல் வாலாட்டி என்பது அதன் பெயர். குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுக் கோடையில் வடக்கே திரும்பிவிடும். பிழைப்பை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றாருக்கு அதனிடம் தனிப்பற்று உண்டாவது இயல்பே. ஆனால் இவ்வாண்டு அது முதன்முதலாக எந்நாளில் வந்தது என்று கேட்டால் விடை கூறத்தக்கவர் யார்? விஞ்ஞானிகள் எல்லாக் குளக்கரைகளிலும் காத்து நிற்க இயலாது. அவ்விடையைத் தருபவர்கள் குறிப்பேடும் பென்சிலும் ஏந்திய பொதுமக்களே.

இவ்வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹியூம், 1870-களில் பறவைகளுக்கென்றே ஓர் ஏடு நடத்தினார். பல மாகாணங்களிலிருந்த உத்தியோகஸ்தர்கள் அதற்குக் குறிப்புகள் அனுப்பினர். எனினும் அது பெரும்பாலும் துரைமார்களின் பொழுதுபோக்கு. துப்பாக்கியும் உடன் சென்றது. 1959-இல் ஜாபர் புத்தேஹல்லி பறவை நோக்குவோருக்கென ஒரு செய்தி மடலைப் பம்பாயில் தொடங்கிய பிறகே, ஆசிரியரும் குமாஸ்தாவும் மாணவரும் தாம் கண்டதை அச்சில் காணலாயினர். பின்னாளில் அவரும் பெங்களூர்வாசியானார். மடலும் இந்நகருக்கே வந்து சேர்ந்தது.

இங்கே 1972-இல் ஜோசப் ஜார்ஜ் முயற்சியால் பறவை நோக்குவோர் கழகம் ஒன்று உருவாயிற்று. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று காலையில் லால்பாக்கில் கூடி நடப்பது அதன் வழக்கம். அவர்கள் திரட்டிய குறிப்புகளினின்று 1994-இல் பெங்களூர்ப் பறவைகளின் விளக்கப் பட்டியல் வெளிவந்தது. நகரம் எதை இழந்தது என்று பின்வருவோர் அறிய அத்தகைய பட்டியலே சாட்சி.

ஆயினும் பழைய குறிப்பேடுகளில் ஒரு குறை உண்டு. அரிய பறவையைக் கண்டவர் அதை ஆர்வத்தோடு எழுதினார். அன்றாடம் முற்றத்தில் கொத்தித் திரிந்த சிட்டுக்குருவியை எழுதினாரில்லை. எழுதுவானேன் என்று நினைத்தார் போலும்! பிறகு குருவி குறைந்துவிட்டது என்று ஊரெங்கும் பேச்செழுந்தபோது, முன்பு எத்தனை இருந்தன என்பதற்குத் தக்க கணக்கு இல்லை.

இக்குறையை நீக்கியது புதிய முறை. 2007-இல் பெங்களூரின் தேசிய உயிர் அறிவியல் மையத்திலிருந்து தொடங்கப்பெற்ற திட்டம் ஒன்று, வலசைப் பறவைகளின் வருகை நாளைத் தெரிவிக்குமாறு பொதுமக்களை வேண்டியது. அடுத்து, 2002-இல் அமெரிக்காவில் தோன்றிய இ-பேர்டு என்னும் பதிவகம் இங்கும் பரவிற்று. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும், அப்போது கண்ட பறவை அனைத்தையும் ஒன்றுவிடாது எழுதவேண்டும் என்பது அதன் முறை. காக்கையும் விலக்கன்று. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாமையும் செய்தியாகிறது. ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளனாகிய நான் பலமுறை எழுதியதுண்டு; இவ்வேலைக்கு அது பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமே.

2020-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 15,500-க்கும் மேற்பட்டோர் அனுப்பிய ஒரு கோடிப் பதிவுகளைக் கொண்டு எழுந்தது. 2023-ஆம் ஆண்டு அறிக்கைக்கு மூன்று கோடிப் பதிவுகள் கிடைத்தன. நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் தொகை கால் நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை என்றது முதல் அறிக்கை; ஆனால் பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அது சிறுகச் சிறுகக் குறைந்து வருகிறது என்றும் காட்டியது. கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்ற பேச்சுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதும் அதன் முடிபு.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை அன்பர்கள் பொங்கல் நாட்களில் கணக்கெடுப்பு நடத்துகின்றனர். அதைக் கேள்வியுற்று, ஒரு தைப் பொங்கலன்று காலையில் என் வீட்டு மாடியில் கால் மணி நேரம் நின்று எழுதினேன்: காக்கை ஒன்பது, மைனா நான்கு, பருந்து இரண்டு, புறா இருபதுக்கு மேல். சிட்டுக்குருவி அப்பட்டியலில் இல்லை.