ஆல்பிரெக்ட் டியூரரின் எழுத்து முத்திரை

ஜெர்மானிய ஓவியரும் அச்சுப்பட வல்லுநருமான ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) தம் பெயரின் முதலெழுத்துகளான ஏ, டி இரண்டையும் பிணைத்து அமைத்துக்கொண்ட குறி இது. அகலமான ஏ, அதன் குறுக்குக்கோட்டுக்குக் கீழே, இரு கால்களுக்கு நடுவில் சிறிய டி. ஏறத்தாழ 1495 முதல் தம் அச்சுப்படங்களில் இதைப் பொறிக்கத் தொடங்கினார். தனியொருவர் தம் பெயரை வடிவமைத்து, விற்பனைக்குப் போகும் சரக்கின்மேல் தவறாமல் பதித்து, பிறர் அதைக் கையாளக் கூடாது என்று அதிகாரிகளிடம் முறையிட்டதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

டியூரரின் தந்தை ஹங்கேரியிலிருந்து நியூரம்பெர்க்கில் குடியேறிய பொற்கொல்லர். மகனும் முதலில் அந்தப் பட்டறையில்தான் கைத்தொழில் பழகினார். செய்தவர் யார் என்று காட்டும் முத்திரை பொற்கொல்லர் தொழிலில் வெகுநாளாக இருந்த வழக்கம். செப்புத்தகட்டில் செதுக்கும் கலையும் அவர்களிடமிருந்தே பிறந்தது என்பதால், முத்திரையும் உளியோடு சேர்ந்தே படத்துக்கு வந்துவிட்டது. டியூரருக்கு ஒரு தலைமுறை முன்னால் செதுக்கியவர் ஒருவருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது; படங்களில் விட்டுச்சென்ற இரண்டு எழுத்துகளை வைத்து அவரை 'ஈ. எஸ். ஆசான்' என்கிறார்கள். கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்கவுவர் தம் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சிலுவை போன்ற குறி ஒன்றை வைத்தார். அவரிடம் பயில விரும்பி டியூரர் 1492இல் கோல்மார் போய்ச் சேர்ந்தபோது ஷோன்கவுவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

முன்னோடிகள் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். டியூரர் ஒன்றுக்குள் ஒன்றை வைத்தார். அவருடைய குறியின் பலம் இதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 1495இல் செதுக்கிய திருக்குடும்பப் படத்தில் டி இன்னும் சிற்றெழுத்தாகவே நிற்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அது பேரெழுத்தாகி ஏயின் கால்களுக்குள் அடங்க, முழுக்குறியும் ஒரே உருவமாகப் படிந்துவிட்டது. அதன் பிறகு அவர் அதை மாற்றவே இல்லை என்று சொல்லலாம்.

இந்த வடிவத்துக்குத் தொழில் சார்ந்த வசதியும் உண்டு. தகட்டில் செதுக்குவது தாளில் இடவலமாகப் புரண்டு விழும்; எனவே எழுத்தைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். ஏ இருபுறமும் ஒத்த எழுத்து, எப்படித் திருப்பினாலும் ஏதான். கவனம் தேவைப்படுவது டிக்கு மட்டும். ஏறத்தாழ 1500இல் செதுக்கிய, ஆட்டின்மேல் பின்புறம் பார்த்து அமர்ந்து போகும் சூனியக்காரி படத்தில் அந்த டி திரும்பியே கிடக்கிறது. சூனியக்காரியின் உலகில் எல்லாம் தலைகீழ் என்று காட்ட வேண்டுமென்றே செய்தார் என்பது சிலர் கருத்து. படத்தின் போக்கைப் பார்த்தால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

குறியைப் பொருத்தும் இடத்திலும் விளையாட்டு உண்டு. 1504இன் 'ஆதாமும் ஏவாளும்' படத்தில் கிளையில் தொங்கும் பலகையில் முழுப்பெயரோடு வருகிறது. 1514இன் 'புனித ஜெரோம்' படத்தில் தரையில் கிடக்கும் சிறு பலகையில் இருக்கிறது. தரையின் சாய்வுக்கேற்ப எழுத்தும் சாய்கிறது. எழுத்தின் அளவைகளைப் பற்றி அவர் எழுதியது பிற்பாடுதான்: கோலும் கவராயமும் கொண்டு ரோமன் பேரெழுத்துகளை வரையும் முறையை 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலில் விளக்கினார். முத்திரை அதற்கு முப்பது ஆண்டு மூத்தது.

அச்சுப்படம் ஓவியத்தைப் போல ஒரு செல்வரின் மாளிகைக்குள் நின்றுவிடாது. டியூரரின் மனைவி ஆக்னெஸ் அவற்றைச் சந்தைகளில் விற்றார். விற்பனையாளர்கள் வழியே படங்கள் ஆல்ப்ஸ் மலை தாண்டி இத்தாலிக்கும் போயின. வாங்குபவர் ஓவியரைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குறி மட்டுமே. 1515இல் வெளிவந்த காண்டாமிருகப் படத்திலும் அது உண்டு. குஜராத் சுல்தான் கொடுத்து லிஸ்பன் போய்ச் சேர்ந்த அந்த விலங்கை டியூரர் நேரில் கண்டதில்லை. யாரோ அனுப்பிய வரைபடத்தையும் குறிப்பையும் வைத்து வரைந்தார். முதுகில் இல்லாத கொம்பு ஒன்றும் முளைத்துவிட்டது. படம் யாருடைய கைவேலை என்பதற்கு மட்டுமே முத்திரை பொறுப்பு.

குறிக்கு மதிப்பு வந்ததும் திருட்டும் வந்தது. இத்தாலியச் செதுக்குநர் மார்க்கன்டோனியோ ரைமொண்டி, டியூரரின் 'கன்னி மரியாளின் வாழ்வு' வரிசையில் 17 மரவெட்டுப் படங்களைச் செம்பில் நகலெடுத்தபோது முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார். டியூரர் வெனிஸ் ஆட்சியாளர்களிடம் முறையிட்டார், இனி அந்தக் குறியை மட்டும் போடக்கூடாது என்று தீர்ப்பானது என்கிறார் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. அவர் சொல்லும் விவரத்தில் குழப்பம் இருக்கிறது: வழக்குக்குக் காரணமாக அவர் காட்டும், கிறிஸ்துவின் துன்பங்களைச் சித்திரிக்கும் 'சிறிய பாடுகள்' வரிசை வெளியானது 1511இல், டியூரர் வெனிஸில் இருந்ததோ 1505–1507இல். ஆனாலும் பிற்பாடு மார்க்கன்டோனியோ 'சிறிய பாடுகள்' படங்களை நகலெடுத்தபோது முத்திரை இருக்க வேண்டிய பலகையை வெறுமையாக விட்டார்.

நியூரம்பெர்க்கில் நடந்ததற்கு நகர மன்றத்தின் ஆவணமே இருக்கிறது. 1512 ஜனவரியில், நகர மன்றக் கட்டடத்தருகே டியூரரின் குறியைப் போலியாகப் பொறித்த படங்களை விற்ற வெளியூர்க்காரர் ஒருவரிடம், குறிகளை நீக்கு, இல்லையென்றால் படங்கள் பறிமுதல் என்று மன்றம் ஆணையிட்டது. படத்தை நகலெடுத்தது அங்கே குற்றமாக எழுதப்படவில்லை. முந்திய ஆண்டு வெளியிட்ட தொகுப்பு நூல்களில் பேரரசர் மாக்சிமிலியன் தந்த உரிமையைக் காட்டி, படத்தையே காக்கவும் டியூரர் முயன்றிருந்தார். இரண்டில் நடைமுறையில் காக்க எளிதாக இருந்தது குறிதான்.

குறியின் அமைப்பைப் பின்பற்றியவர்களும் உண்டு. ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் ஏக்குள் ஏ வைத்தார். ஹைன்ரிஷ் ஆல்டெகிரேவர் ஏயின் கால்களுக்குள் ஜியை வைத்தார். தொலைவிலிருந்து பார்த்தால் அது டியூரருடையது போலவே தெரியும். இவை அவரவர் எழுத்துகள், எனவே மோசடி அல்ல. மோசடி டியூரர் இறந்த பின்னரே பெருகியது: அவருடைய மாணவர்கள் வரைந்த படங்களில்கூட விலை ஏற்றுவதற்காகப் பிறர் அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். அதனால் இன்று ஓர் ஓவியத்தாளை ஆராய்பவர்கள் முத்திரையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, தாளின் நீர்க்குறியையும் மையையும் கோட்டின் போக்கையும் முதலில் பார்க்கிறார்கள்.