ட்ராபன்ட் வாங்கலாமா, ஜூலை வரைக்கும் பொறுக்கலாமா?

கையில இருக்கிற பணத்துக்கு ஆறு மாசம் கழிச்சு என்ன மதிப்புன்னு தெரியாது. அரசாங்கமே அப்போ இருக்குமான்னும் தெரியாது. இந்த நேரத்துல கார் வாங்குறதா, வேண்டாமா? 1990-ல கிழக்கு ஜெர்மனியில வீட்டுக்கு வீடு ஓடின பேச்சு இது.

அங்கே கார்னா பெரும்பாலும் ட்ராபன்ட். 26 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பாடி தகரம்கூட இல்லை. பஞ்சு இழையையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செஞ்சது. கிண்டல் பண்ண நிறைய இருக்கு. ஆனா அதை வாங்கவே பத்து வருஷத்துக்கு மேல வரிசையில இருக்கணும். 18 வயசு ஆனதும் பேரைப் பதிஞ்சு வைப்பாங்க. (பஜாஜ் சேத்தக்குக் காத்திருந்த தாத்தா உங்க வீட்டுல இருந்தா அவருக்கு இது புரியும்.) புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கு விலை ஜாஸ்தி, ஏன்னா அது உடனே கைக்கு வரும். வரிசையில பிடிச்ச இடமே ஒரு சொத்து. அதைக்கூட ரகசியமா கைமாத்தினாங்க.

1989 நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்தது. பல வருஷம் காத்திருந்தவங்களுக்குச் சரியா இந்தச் சமயத்துல முறை வந்தா என்ன செய்வாங்க? பத்தாயிரம் மார்க்கைக் கொட்டி ட்ராபன்ட் எடுக்கலாம். இல்லைன்னா மேற்கு ஜெர்மனியோட மார்க் நம்ம கைக்கு வரும், அப்போ நல்ல வண்டியா வாங்கலாம்னு பொறுக்கலாம்.

செய்திகள் இவங்களை ஊஞ்சல்ல வச்சு ஆட்டின. கறுப்புச் சந்தையில ஒரு மேற்கு மார்க்குக்குப் பல கிழக்கு மார்க் கொடுக்கணும். பிப்ரவரியில மேற்கு ஜெர்மனி சான்சலர் ஹெல்முட் கோல், ரெண்டு நாட்டுக்கும் ஒரே நாணயம்னு சொன்னார். மார்ச் 18 தேர்தல்ல அவரோட கூட்டணி ஜெயிச்சுது. அடுத்த சில நாள்லயே மேற்கு ஜெர்மன் மத்திய வங்கி ரெண்டுக்கு ஒண்ணுதான் கொடுக்கணும்னு சொல்றது வெளியே தெரிஞ்சுது. ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. மே மாசம்தான் கணக்கு முடிவாச்சு: சம்பளம், பென்ஷன் ஒண்ணுக்கு ஒண்ணு. சேமிப்புல 14 வயசுக்குக் கீழே இருந்தா 2,000 வரைக்கும், பெரியவங்களுக்கு 4,000 வரைக்கும், 60-ஐ நெருங்கினவங்களுக்கு 6,000 வரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு. அதுக்கு மேல இருந்தா பாதிதான்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அப்பா, அம்மா, ஒரு குழந்தை, பாட்டி இருக்கிற வீட்டுல 20,000 கிழக்கு மார்க் சேமிப்புன்னு வச்சுக்குவோம். எல்லாம் அப்பா பேர்ல கிடந்தா 12,000 மேற்கு மார்க் கிடைக்கும். நாலு பேர் கணக்குலயும் வரம்புக்கு ஏத்த மாதிரி பிரிச்சுப் போட்டா 18,000! பாட்டிக்குத் திடீர்னு வீட்டுல மவுசு கூடியிருக்கும்.

ஜூலை 1, புதுப் பணம் வந்தது. பேங்க் கணக்குல போட்ட பணத்தைத்தான் மாத்திக் கொடுத்தாங்க. ஒரே ராத்திரியில கடை அலமாரிகள்ல மேற்கத்திய சரக்கு நிறைஞ்சுது. பொறுத்திருந்தவங்க மேற்கிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் கார்களை வாங்கினாங்க. பத்து வருஷ வரிசை மதிப்பில்லாமப் போச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி முழு விலை கொடுத்து ட்ராபன்ட் எடுத்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

அப்போ பொறுத்தவங்க ஜெயிச்சாங்களா? கார் விஷயத்துல, ஆமா. ஆனா எல்லாரும் சேர்ந்து பொறுத்ததுல, உள்ளூர்ச் சரக்கை வாங்க ஆளே இல்லை. சம்பளத்தை மேற்கு மார்க்கில் கொடுக்க வேண்டிய நிலைமையில ஆலைகளுக்கு விற்பனையும் விழுந்துடுச்சு. ட்ராபன்ட் ஆலை ஃபோக்ஸ்வாகன் போலோ இன்ஜின் வச்ச புது மாடலை 1990-லயே இறக்கிச்சு. அதையும் யாரும் பெரிசா சீண்டலை. 1991 ஏப்ரல் 30-ல ட்ஸ்விக்காவ் நகரத்துல கடைசி ட்ராபன்ட் வெளியே வந்தது. அதைச் செஞ்ச தொழிலாளிகள்லயும் எத்தனையோ பேர் ஜூலைக்காகக் காத்திருந்தவங்கதான்.